120 போட்டோ, பத்து விநாடி அழகர்

செல்லூர்ப் பக்கம் ஒரு வீடு, கோடை லீவு. அழகர் ஆற்றில் இறங்குவதை லெகோ கட்டைகளில் ஸ்டாப் மோஷனாக, அதாவது பொம்மையைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி போட்டோ போட்டோவாக எடுத்து ஓட்டும் படமாக, எடுத்தே தீருவது என்று பையன் ஒற்றைக்காலில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிரை கிடைத்துவிட்டது, பழுப்பு நிறம்தான். தங்கம் விற்கிற விலைக்கு அது போதும். வைகையில் தண்ணீர் விட அணையைத் திறக்க வேண்டியதில்லை, நீலக் கட்டைகளைக் கொட்டினால் ஆறு ரெடி. இந்த நேரம் பார்த்து மாமா உள்ளே வருவார். "எம் போன எடுத்துக்க மாப்ள. நூத்தியெட்டு மெகாபிக்சலு!"

108 சாமிக்கு உகந்த எண்தான், படத்துக்கு அது வேண்டாம். ஃபுல் எச்டி படம் 1920க்கு 1080. பெருக்கிப் பாருங்கள், மெகாபிக்சல் என்பது பத்து லட்சம் புள்ளி, ஆக இரண்டு மெகாபிக்சலுக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். கேமராவிடம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஃபோகஸ், எக்ஸ்போஷர் (வெளிச்ச அளவு), ஒயிட் பேலன்ஸ் (நிறச் சாயல்) மூன்றையும் மாறாமல் பூட்ட முடியுமா? ஆட்டோவில் விட்டால் ஒவ்வொரு போட்டோவுக்கும் அது புதிதாக யோசிக்கும். பொம்மை கொஞ்சம் நகர்ந்ததும் வெளிச்சம் ஏறும், அடுத்ததில் இறங்கும். ஓட்டிப் பார்த்தால் ஸ்டார்ட்டர் போன ட்யூப் லைட் மாதிரி வெட்டி வெட்டி மின்னும். சொந்த புத்தி இல்லாத கேமராதான் இந்த வேலைக்கு நல்ல கேமரா. இவற்றைக் கையால் மாற்றவிடும் புரோ மோடு உள்ள எந்த போனும் போதும், ஸ்டாப் மோஷன் ஸ்டுடியோ ஆப்பிலும் பூட்டும் வசதி உண்டு.

லெகோ ஆள் 4 சென்டிமீட்டர்தான் உயரம். கிட்டே போனால் நிறைய போன்கள் ஃபோகஸ் ஆகாமல் முழிக்கும், அல்லது சொல்லாமல் கொள்ளாமல் வைட் லென்சுக்குத் தாவிவிடும். ஆட்டோ மேக்ரோவை அணைத்துவிட்டு 15, 20 சென்டிமீட்டர் தள்ளி வைத்து 2எக்ஸ் ஜூம் போடுங்கள். தேவை இரண்டு மெகாபிக்சல்தான் என்பதால் ஜூமில் தரம் போகுமே என்ற கவலை வேண்டாம். லென்ஸ் பொம்மையின் முக உயரத்தில் இருந்தால்தான் அழகர் அழகராகத் தெரிவார். மேலிருந்து எடுத்தால் மொட்டைமாடியிலிருந்து வேடிக்கை பார்த்தது போல்தான் வரும். போனைப் படுக்கையாக வைக்கும்போது லென்ஸ் மேல் மூலைக்குப் போனால், தலைகீழாகத் திருப்புங்கள், கீழே வந்துவிடும். அப்படியும் எட்டாவிட்டால் செட்டுக்கு அடியில் நான்கு பாடப்புத்தகம். லீவில் அவற்றுக்கு வேறு வேலை இல்லை.

லென்ஸ் மாற்றும் பெரிய கேமரா, டிஎஸ்எல்ஆர், இருக்கிறதே என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு கிளிக்குக்கும் லென்சின் துவாரம் சுருங்கி விரியும், இம்மி பிசகாமல் அதே அளவுக்கு வராது. எல்லாவற்றையும் பூட்டியும் படம் மின்னினால் காரணம் இதுதான். கையால் திருப்பும் பழைய மேனுவல் லென்ஸ் போட்டால் தீரும்.

வெளிச்சம் அடுத்த தலைவலி. ஜன்னல் வெயில் வேண்டவே வேண்டாம், மேகம் வந்தால் போச்சு. ஜன்னலை மூடி, ஒரு 9 வாட் எல்இடி பல்பை ஓரமாக வைத்து, முன்னால் பட்டர் பேப்பர் தொங்கவிடுங்கள். கட்டைகளின் பளபளப்பு அடங்கும். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விலை குறைந்த பல்புகள் விநாடிக்கு 100 தடவை துடிக்கும். ஷட்டர் 1/500 விநாடி மட்டும் திறந்து மூடினால் ஒரு போட்டோ துடிப்பின் மேட்டில் விழும், அடுத்தது பள்ளத்தில். 1/50 அல்லது 1/25 வையுங்கள், முழுத் துடிப்புகள் உள்ளே அடங்கிவிடும். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் ஐஎஸ்ஓ 100 போதும். பொம்மை ஓடிப்போகாது, நிதானமாக எடுக்கலாம். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு பக்கத்தில் நிற்காதீர்கள், அந்த வெளிச்சமும் கட்டையில் அடிக்கும். வேடிக்கை பார்க்க வேட்டி சட்டையோடு வந்த மாமாவுக்கும் இது பொருந்தும்.

ஃபேன்? மே மாத மதுரையில் இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள், ஆனாலும் அணைத்துத்தான் ஆக வேண்டும். கட்டைகள் நிற்கும் அடித்தட்டான பேஸ் பிளேட்டை நான்கு மூலையிலும் டேப் போட்டு மேஜையோடு ஒட்டுங்கள், ஸ்டாண்டின் கால்களையும். போன் ஏரோபிளேன் மோடில். இல்லாவிட்டால் அழகர் ஆற்றில் கால் வைக்கிற நேரத்தில்தான் அத்தை கூப்பிடுவார், வைப்ரேஷனில் ஃபிரேம் நகரும். சார்ஜரை முதலிலேயே செருகிவிடுங்கள். திரையைத் தொடாதீர்கள், வயர் உள்ள ஹெட்செட்டின் வால்யூம் பட்டன் நிறைய போன்களில் கிளிக் செய்யும்.

விநாடிக்கு 12 போட்டோ என்றால் பத்து விநாடிக்கு 120. வரிசைக்கு 32 புள்ளி (கட்டை மாட்டும் குமிழ்) உள்ள பேஸ் பிளேட்டின் நீளம் 25.6 சென்டிமீட்டர். குதிரையை ஒவ்வொரு தடவையும் ஒரு புள்ளி, அதாவது 8 மில்லிமீட்டர் தள்ளினால் மூன்று விநாடிக்குள் அழகர் ஆற்றைத் தாண்டி வண்டியூருக்கே போய்விடுவார். வழியில் புள்ளி இல்லாத வழவழப்பான லெகோ டைல் பதித்து 4 மில்லிமீட்டராகத் தள்ளுங்கள், கிளம்பும்போதும் நிற்கும்போதும் அதிலும் பாதி.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது மேஜையில் டீ டம்ளரை வைப்பார்கள். முந்தைய ஃபிரேமை நிழலாகக் காட்டும் ஆனியன் ஸ்கின்னில் பார்த்தால் தெரியும், அரை மில்லிமீட்டர் தள்ளியிருக்கும். கேமராவை நகர்த்திப் பழைய இடத்துக்குக் கொண்டுவரப் போராடாதீர்கள், சரியாக வராது, படத்தில் ஒரு குதி குதிக்கும். அந்த ஷாட்டை அங்கேயே முடித்துவிட்டு வேறு கோணத்துக்குப் போங்கள். கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறி பல்பின் வெளிச்சம் வேறாகத் தெரிந்தாலும் இதே வைத்தியம்தான். அதற்கென்றே பத்துப் பதினைந்து பொம்மைகளைத் தனித் தட்டில் ஒட்டித் தயாராக வைத்திருங்கள். எங்கே தவறினாலும் கூட்டத்தைக் காட்டிவிடலாம். சித்திரைத் திருவிழாவில் கூட்டத்தைக் காட்டினால் யார் கேள்வி கேட்கப் போகிறார்கள்?