கொடுத்தவனின் 40ஆவது நாள்

தம்பிக்குச் சிறுநீரகம் கொடுத்து இன்றோடு 40 நாள். அவன் நடைப்பயிற்சி போகிறான். நான் இன்னும் படுத்திருக்கிறேன்! கொடுப்பவன் சீக்கிரம் எழுந்துவிடுவான் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

மூன்றாம் வாரம் வயிறு உப்பத் தொடங்கியது. வாயு என்று நினைத்து நான்கு நாளை வீணாக்கினேன். ஊசி வைத்து எடுத்தபோது பால் போல வெள்ளையாகத் திரவம் வந்தது. இடது சிறுநீரகத்தை எடுக்கும்போது மகாதமனியை ஒட்டிய நிணநீர்க் குழாய்கள் அறுபட்டு, அரிதாகச் சிலருக்கு இப்படிக் கசியுமாம். உணவிலுள்ள கொழுப்பு அந்த வழியாகத்தான் போகிறது. அதைக் குறைத்தால் கசிவு தானாக அடங்க வாய்ப்பு உண்டு. ஆகவே எண்ணெய் வாசனையே இல்லாத தட்டு, வயிற்றில் ஒரு வடிகுழாய்.

சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவான கிரியேட்டினின், இரத்தத்தில் 0.8-லிருந்து 1.2 ஆனதைப் பார்த்தும் பதறினேன். இரண்டின் வேலையை ஒன்று செய்யும்போது அது எதிர்பார்த்ததுதான் என்றார் மருத்துவர்.

தம்பியிடம் மறைத்திருந்தேன். நேற்று வடிகுழாயைப் பார்த்துவிட்டான். ஒரு வார்த்தை பேசவில்லை, தலையணையைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

வருத்தமா என்று கேட்கிறவர்களுக்கு: கொடுத்ததில் இல்லை. கையெழுத்துப் போட்ட தாளில் இதையெல்லாம் படித்தும் படிக்காதவன் போல் இருந்தேனே, அதில்தான்.

நேற்று வடிந்தது 110 மில்லி. இன்று 60.