தினசரி காலண்டரின் பின்பக்கம்: ஆறு மாதக் குறிப்புகள்

மளிகைக்கடையில் கொடுத்த தினசரி காலண்டரைப் பொங்கல் முடிந்ததும் ஆணியில் மாட்டினேன். அம்மா காலையில் காபி போடுவதற்கு முன்பே தாளைக் கிழித்துவிடுவார். கிழித்த தாளின் பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அன்றைய நாளில் வெளியான படம், பிறந்த பாடகர், தொடங்கிய தொலைக்காட்சி என்று ஒரு செய்தியை அதில் எழுதி வைத்தால், கிழிக்கும்போதே அவர் படிக்கலாமே என்று தோன்றியது. அப்படித் தொடங்கிய வேலை இது.

முதல் வாரமே கோளாறு. ஜனவரி 17 எம்.ஜி.ஆர். பிறந்தநாள் என்பதால் அந்தத் தாளின் பின்னாலேயே எழுதினேன். அம்மா அதைக் கிழித்தது 18ஆம் தேதி காலை. "நேத்துச் சொல்ல வேண்டியதை இன்னிக்குச் சொல்றியேம்மா" என்றார். அதிலிருந்து ஒவ்வொரு நாளின் செய்தியையும் முந்தைய நாள் தாளின் பின்னால் எழுதுகிறேன். ஜெல் பேனாவும் சரிப்படவில்லை. தாள் மெலிசு, மை ஊறி முன்பக்கத்து நல்ல நேரத்தை மறைத்துவிட்டது. இப்போது பென்சில்தான்.

பிப்ரவரி முழுக்கத் தேதிகளைச் சரிபார்ப்பதிலேயே போனது. ஒரு படத்தின் ரிலீஸ் தேதி என்று சொல்லப்படுவது சில சமயம் தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய தேதியாக இருக்கிறது. அதனால் பழைய நாளிதழ்த் தொகுப்பில் 'இன்று முதல்' விளம்பரத்தைப் பார்த்த பிறகே பென்சிலை எடுப்பது என்று வைத்துக்கொண்டேன். பிலிம் நியூஸ் ஆனந்தன் எப்படிப்பட்ட வேலையைச் செய்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. தமிழ் சினிமாவின் முதல் பி.ஆர்.ஓ. அவர். படம் படமாக, பெயர் பெயராகத் தகவல் சேர்த்தே வாழ்ந்தவர். அவர் மறைந்த 2016 மார்ச் 21ஐ நான் மறக்காமல் எழுதினேன்.

நடராஜ முதலியாரின் 'கீசக வதம்' தமிழகத்தின் முதல் மௌனப் படம். அதை எழுத ஆசை. ஆனால் 1916, 1917, 1918 என்று ஆண்டே ஆளுக்கொன்றாகச் சொல்லப்படுகிறது. தாள் ஒதுக்க முடியவில்லை, வருத்தமாக இருந்தது. முதல் பேசும்படம் 'காளிதாஸ்' அந்தக் கவலை வைக்கவில்லை: 1931 அக்டோபர் 31, சென்னை கினிமா சென்ட்ரல். நாயகி டி.பி. ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் பேசிய படம் அது.

பிறந்தநாள்களில் ஜூன் மாதம் ஒரு புதையல். 24ஆம் தேதி கண்ணதாசனுக்கும் (1927) எம்.எஸ். விஸ்வநாதனுக்கும் (1928) ஒரே பிறந்தநாள். சிறுகூடல்பட்டியில் ஒருவர், பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் இன்னொருவர், சரியாக ஓராண்டு இடைவெளி. 2ஆம் தேதி மணிரத்னம், 4ஆம் தேதி எஸ்.பி.பி. நடுவில் இளையராஜாவை எங்கே வைப்பது? அவர் பிறந்தது 3ஆம் தேதி. அது கலைஞர் பிறந்தநாள் என்பதால் 2ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டார். நான் இரண்டு தாள்களிலும் எழுதினேன்.

ஆகஸ்ட் 15க்கு ஒரு தாள் போதவில்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975இல் அந்த நாள்தான், இந்தியில் 'ஷோலே' வந்ததும் அதே நாள். 'முள்ளும் மலரும்' 1978, 'மௌன ராகம்' 1986, 'ரோஜா' 1992. துண்டுச் சீட்டு ஒன்றைக் கோந்து போட்டு ஒட்டினேன்.

முன்கூட்டியே எழுதிக்கொண்டு போகையில், அக்டோபர் தாள்களுக்கு வந்தபோதுதான் வேலையின் போக்கே மாறியது. அக்டோபர் 21க்கு 'நாயகன்', 'மனிதன்', 1987 என்று எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "அது தீபாவளிப் படம்டி. என் தலைதீபாவளி. நாயகனுக்கு டிக்கெட் கிடைக்காம உங்கப்பா மனிதனுக்குக் கூட்டிட்டுப் போனார். அதைப் போய் வெறும் நாள்ல எழுதுறியே" என்றார்.

அவர் சொன்னது சரி. 1987 தீபாவளி அக்டோபர் 21. இந்த ஆண்டு, 2026இல், அது நவம்பர் 8. அப்படியானால் 'நாயகன்' படத்தின் பிறந்தநாள் எது? பொங்கலில் இந்தச் சிக்கலே இல்லை. அது சூரியக் கணக்கு. 'கர்ண'னும் 'வேட்டைக்கார'னும் 1964 ஜனவரி 14, 'எங்க வீட்டுப் பிள்ளை' 1965 ஜனவரி 14. அங்கே தேதியும் பண்டிகையும் ஒட்டியே நிற்கின்றன. தீபாவளி அமாவாசையைப் பார்த்து வருவதால் நழுவிக்கொண்டே இருக்கிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பழைய தீபாவளித் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். 19 ஆண்டுகளுக்கு ஒருமுறை தீபாவளி ஏறக்குறைய அதே ஆங்கிலத் தேதிக்குத் திரும்புகிறது. 19 சூரிய ஆண்டும் 235 சந்திர மாதமும் கிட்டத்தட்ட ஒரே நீளம் என்பதுதான் காரணம். சில சமயம் ஒரு நாள் முன்பின் ஆகும். 1952 அக்டோபர் 17இல் வந்த 'பராசக்தி'க்குத் தேதியும் தீபாவளியும் 2009இல் சேர்ந்து வந்தன. 'நாயக'னுக்கு 2006இல். 1991 நவம்பர் 5இல் ஒரே நாளில் மோதிய 'தளபதி'க்கும் 'குணா'வுக்கும் 2010இல். இதைக் கண்டுபிடித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

அதன்பின் முறையை மாற்றிவிட்டேன். தீபாவளிப் படங்களுக்கு இரண்டு இடம்: ரிலீஸ் தேதியில் ஒருமுறை, அந்தந்த ஆண்டுத் தீபாவளியில் இன்னொரு முறை.

இந்த ஆண்டுத் தீபாவளிக்கு என்ன அமைகிறது என்று பார்த்தேன். 19 ஆண்டு பின்னால் போனால் 2007 நவம்பர் 8: 'அழகிய தமிழ்மகன்', 'வேல்', வெற்றிமாறனின் முதல் படமான 'பொல்லாதவன்'. இன்னொரு 19 போனால் 1988 நவம்பர் 8: 'கொடி பறக்குது'. நான்கு படங்களுக்கும் தேதியும் தீபாவளியும் ஒரே நாளில்.

இதுவரை 241 தாள் முடிந்திருக்கிறது. நவம்பர் 7ஆம் தேதித் தாளின் பின்னால் நேற்று எழுதி முடித்தேன். அம்மாவிடம் காட்டி, "கொடி பறக்குது பார்த்தியாம்மா?" என்று கேட்டேன்.

"எங்கே? நீ ரெண்டு மாசக் கைக்குழந்தை. அந்தத் தீபாவளிக்கு வாசல்ல மத்தாப்புகூட நான் கொளுத்தலை."

அதையும் பென்சிலால் கீழே எழுதிக்கொண்டேன்.