கொலுவுக்கு வருகிறவர்களுக்குத் தனி வைஃபை: செய்து பார்த்த அனுபவம்

நங்கநல்லூரில் எங்கள் வீட்டுக்கு நவராத்திரியில் கொலு பார்க்க வருகிறவர்களில் பலர், சுண்டலைக் கையில் வாங்கும்போதே வைஃபை பாஸ்வேர்டையும் கேட்பது வழக்கம். இல்லை என்று சொல்ல மனம் வராது. ஆனால் அதே பாஸ்வேர்டில்தான் என் அலுவலக லேப்டாப்பும், குடும்பப் படங்கள் முழுவதையும் வைத்திருக்கும் சேமிப்புப் பெட்டியும் இயங்குகின்றன. ஆகவே இந்த ஆண்டு படி கட்டுவதற்கு முன்பே விருந்தினர் வைஃபையைப் பிரித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன்.

முதல் கட்டம் எளிதாகவே முடிந்தது. ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான திறமூல இயங்குதளம்) ஏற்றிய என் ரவுட்டரில் வீட்டுக் கருவிகளுக்கு 192.168.10 என்று தொடங்கும் முகவரி வரிசையும், விருந்தினருக்கு 192.168.20 வரிசையும் கொடுத்து, எதை எங்கே போகவிடுவது என்று தீர்மானிக்கும் ஃபயர்வாலில் விருந்தினர் பகுதியிலிருந்து இணையத்துக்கு மட்டும் வழிவிட்டேன். ரவுட்டரை நோக்கி வருவனவற்றில் தளப் பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸுக்கான 53, கருவிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபிக்கான 67 ஆகிய போர்ட் என்னும் வாசல்களைத் தவிர மற்ற அனைத்தையும் அடைத்தேன். 67ஐத் திறக்க மறந்தால், போன் ஐபி முகவரிக்காகக் காத்துக்கொண்டே நிற்கும்.

பிரித்தாயிற்று என்று விட்டுவிடாமல், அம்மாவின் போனை விருந்தினர் வைஃபையில் இணைத்து ஒவ்வொரு முகவரியாகத் தட்டிப் பார்த்தேன். சேமிப்புப் பெட்டி திறக்கவில்லை, பிரிண்டரும் திறக்கவில்லை. ஆனால் 192.168.1.50 என்று தட்டியதும், வாசல் கேமராவின் டிவிஆர் (காட்சிகளைப் பதிவு செய்யும் பெட்டி) லாகின் பக்கம் பளிச்சென்று வந்து நின்றது. கேமரா பொருத்தியவர் டிவிஆரை என் ரவுட்டரில் இணைக்காமல், அதற்கு முன்னால் இருக்கும் ஃபைபர் பெட்டியில் இணைத்துவிட்டுப் போயிருந்தார். என் ரவுட்டரின் பார்வையில் ஃபைபர் பெட்டியின் பக்கம் இருப்பதெல்லாம் 'வெளியுலகம்' என்பதால், இணையத்துக்குத் திறந்த வழியே டிவிஆருக்கும் வழியாகிவிட்டது. விருந்தினர் பகுதியிலிருந்து 192.168.0.0/16, 10.0.0.0/8, 172.16.0.0/12 ஆகிய, உள் வலையமைப்புகளில் மட்டுமே பயன்படும் தனிப்பயன் முகவரி வரிசைகளுக்குச் செல்வதை மறுக்கும் விதி ஒன்றைச் சேர்த்த பிறகே அந்தப் பக்கம் மறைந்தது. ஃபைபர் பெட்டிக்குப் பின்னால் சொந்த ரவுட்டர் வைத்திருப்பவர்கள் அனைவரும் இதைக் கட்டாயம் சோதித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது வேகக் கட்டுப்பாடு. எங்கள் இணைப்பு 50 எம்பிபிஎஸ்; விருந்தினருக்குப் பதிவிறக்கம் 15, பதிவேற்றம் 5 போதும் என்று முடிவு செய்து, ரவுட்டரில் இணைய நெரிசலைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் அமைப்பில் 'கேக்' என்னும் பங்கீட்டு முறையைத் தேர்ந்தெடுத்து எண்களை இட்டேன். சோதித்தால் பதிவிறக்கம் 5, பதிவேற்றம் 15 என்று தலைகீழாக வந்தது. இந்த அமைப்பு, தான் பொருத்தப்பட்ட இடைமுகத்துக்குள் (இங்கே ரவுட்டரின் விருந்தினர் வைஃபை இணைப்புக்குள்) வருவதைப் பதிவிறக்கமாகவும், அதிலிருந்து வெளியேறுவதைப் பதிவேற்றமாகவும் கணக்கிடுகிறது. விருந்தினர் பக்கத்திலோ, ரவுட்டரிலிருந்து வெளியேறுவதுதான் அவர்களுக்குப் பதிவிறக்கம். இரண்டு எண்களையும் இடம் மாற்றியதும் சரியானது. ஒரே போன் முழு 15ஐயும் விழுங்கிவிடாமல் எல்லோருக்கும் பங்கிட்டுக் கொடுப்பதும் கேக் முறையின் தனிச்சிறப்பு. கூட்டம் கூடும் வீட்டுக்கு இதுவே மிகவும் பயன்பட்டது.

சரஸ்வதி பூஜையன்று மாலை பதினோரு போன்கள் இணைந்திருந்தன. அத்தை எடுத்த கொலு வீடியோக்கள் ஒருபுறம் மேலேறிக்கொண்டிருந்தபோதும், முன்பு அத்தகைய நேரங்களில் 200 மில்லிசெகண்டைத் தாண்டிய என் பிங் (தரவு போய்த் திரும்பும் நேரம்), 20க்குள்ளேயே நின்றது. அண்ணன் மகள் ரயில் டிக்கெட்டை பிரிண்ட் எடுக்கக் கேட்டபோது மட்டும், கோப்பை வாட்ஸ்அப்பில் வாங்கி என் லேப்டாப்பிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன்; அதற்காக ஃபயர்வாலில் ஓட்டை போட எனக்கு விருப்பமில்லை.