"நிச்சயமாக அனுப்பவா?"

ஓர் அவசர எச்சரிக்கை தவறாகப் போய்விட்டால் மறுநாள் எழும் முதல் கேள்வி, பொத்தானை அழுத்தியது யார் என்பதுதான். சேலத்தில் ஒரு சிறிய மென்பொருள் நிறுவனத்தில், வெள்ள எச்சரிக்கைக் குறுஞ்செய்திகளை அனுப்பும் மென்பொருளைச் சோதிப்பதும், அதைக் கையாளும் ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுப்பதும் என் பணியாக இருந்தன. அழுத்தியவரின் பெயரைக் கணினியே பதிந்து வைத்திருக்கும்; அந்த நேரத்தில் திரை அவருக்கு என்ன காட்டியது என்பதைக் கேட்கத்தான் ஆள் இருப்பதில்லை.

2018 ஜனவரி 13 அன்று காலை 8.07 மணிக்கு, ஏவுகணை வந்துகொண்டிருக்கிறது, உடனே பாதுகாப்பான இடத்துக்குச் செல்லுங்கள், இது ஒத்திகை அல்ல என்ற செய்தி ஹவாய் மக்களின் கைப்பேசிகளுக்குப் போனது. அது தவறான செய்தி என்ற மறுப்பு அதே வழியில் போய்ச் சேர 38 நிமிடங்கள் ஆயின. பணி மாறும் நேரத்தில் ஓர் ஊழியர் திரையில் இருந்த பட்டியலில் தவறான வரியைத் தேர்ந்துவிட்டார் என்றுதான் முதலில் சொல்லப்பட்டது. அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் விசாரித்தபோது வேறொன்று வெளிப்பட்டது: ஒத்திகைக்காக ஒலிக்கவிட்ட பதிவில், இது பயிற்சி என்ற அறிவிப்போடு 'இது ஒத்திகை அல்ல' என்ற வாசகமும் இருந்ததால், அந்த ஊழியர் தாக்குதல் உண்மை என்றே நம்பியிருக்கிறார். அப்படியானால் திரையின் மீது குற்றமில்லையே என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது நேர்மாறாகப் படுகிறது. ஒத்திகைக்கும் உண்மைக்கும் அந்த மென்பொருள் ஒரே கேள்வியைத்தான் கேட்டது: இந்த எச்சரிக்கையை அனுப்ப வேண்டும் என்பதில் உறுதியாக இருக்கிறீர்களா? அவர் உறுதியாகத்தான் இருந்தார்.

நான் சோதித்த மென்பொருளிலும் அதே கேள்வி, 'நிச்சயமாக அனுப்பவா?' என்று தமிழில் இருந்தது. மேட்டூர் அணையின் நீர்மட்டம் 120 அடியை எட்டி உபரிநீர் திறக்கப்படும் நாட்களில், காவிரிக் கரையில் இருக்கும் பூலாம்பட்டி போன்ற ஊர்களுக்குச் செய்தி போக வேண்டும். ஊர்ப் பட்டியலோ ஆங்கில அகரவரிசையில் இருந்ததால், ஆற்றோரத்து மேட்டூரும் ஆற்றிலிருந்து விலகிய மேச்சேரியும் அடுத்தடுத்து நின்றன. நிச்சயமா என்று கேட்டால் எந்த ஊரைத் தொட்டவரும் ஆம் என்றே சொல்வார். அதிலும் ஒரே பணிநேரத்தில் பலமுறை அந்தக் கேள்வியைப் பார்த்த விரல், கண் படிக்கும் முன்பே அழுத்திவிடும். 'பூலாம்பட்டி, உண்மையான வெள்ள எச்சரிக்கை' என்று ஊரையும் தன்மையையும் காட்டி, அந்த ஊரின் பெயரைத் தட்டச்சு செய்த பிறகே அனுப்பும்படி மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். வேலை கூடுகிறது என்று பயிற்சிக்கு வந்தவர்கள் முணுமுணுத்தார்கள்; அதில் நியாயமும் இருந்தது.

அதைவிட மோசமானது ரத்து செய்யும் திரை. 'எச்சரிக்கையை ரத்து செய்யவா?' என்ற கேள்விக்குக் கீழே 'சரி', 'ரத்து' என இரண்டு பொத்தான்கள். இரண்டாவதை அழுத்தினால் ரத்து செய்வதே ரத்தாகி, எச்சரிக்கை அப்படியே நிற்கும். பதற்றத்தில் இருக்கும் ஒருவர் எதை அழுத்துவார் என்று எழுதியவர் யோசித்திருக்க மாட்டார். 'எச்சரிக்கையைத் திரும்பப் பெறு', 'அப்படியே இருக்கட்டும்' என்று அவற்றை மாற்றினோம். மறுப்புச் செய்தியின் வாசகத்தையும் முன்கூட்டியே எழுதி வைத்தோம். ஹவாயில் அப்படியொரு வாசகம் ஆயத்தமாக இல்லாததும் அந்த 38 நிமிடங்களுக்கு ஒரு காரணம்.

திரை பொய் சொல்வதற்கு இன்னொரு வழியும் உண்டு. 1979 மார்ச்சில் அமெரிக்காவின் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், ஒரு வால்வை மூடும் ஆணை போனதும் விளக்கு அணைந்தது, வால்வு மூடவில்லை. விளக்கு காட்டியது ஆணையை, வால்வின் நிலையை அல்ல. எங்கள் திரையில் பச்சை நிறத்தில் வந்த 'அனுப்பப்பட்டது' என்பதும் அதே வகைதான். செய்தி தொலைபேசி நிறுவனத்தின் கணினிக்குக் கைமாறியது என்பதற்கு மேல் அதற்குப் பொருள் இல்லை. கனமழையில் மண் சரிந்து ஏற்காடு மலைப்பாதை மூடப்படும் வேளையில், சேர்வராயன் மலையின் சிக்னல் கிடைக்காத சிற்றூருக்கும் அதே பச்சைதான். 'ஒப்படைக்கப்பட்டது' என்றும் 'கைப்பேசியை அடைந்தது' என்றும் இரண்டு வரிகளாகப் பிரித்த பிறகுதான், எந்த ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்பது பணியில் இருப்பவருக்குத் தெரிந்தது. கோபுரத்தின் எல்லைக்குள் இருக்கும் எல்லாக் கைப்பேசிகளுக்கும் ஒரே நேரத்தில் போகும் செல் பிராட்காஸ்ட் முறையில் இந்த வசதி கிடையாது. அதில் பெற்றவர்களிடமிருந்து ஒப்புகை திரும்பி வராது.

எங்களுக்குள் முடிவாகாமல் போனது இருவர் ஒப்புதல். ஒருவர் எழுதி, இன்னொருவர் பார்த்து அனுப்புவதே பாதுகாப்பு என்றேன். இரவில் எச்சரிக்கை அனுப்பும் அறையில் இருப்பது ஒரே ஆள், இரண்டாமவருக்காகத் தண்ணீர் காத்திராது என்றார் அங்கிருந்த மூத்த அலுவலர். கடைசியில், ஒத்திகைச் செய்திக்கு இருவர் கட்டாயம் என்றும், உண்மை எச்சரிக்கைக்கு இரண்டாமவர் குறித்த நேரத்துக்குள் பதில் தராவிட்டால் ஒருவரே அனுப்பலாம் என்றும் வைத்தார்கள். அந்தக் காத்திருப்பு நேரம் எவ்வளவு என்பதை வட்டத்துக்கு வட்டம் வேறாக வைக்க வேண்டும் என்பது இப்போதும் என் கருத்து. அணைக்கு அருகே இருப்பவர்களுக்கும் பல மணி நேரம் கழித்தே நீர் சென்றடையும் ஊர்களுக்கும் ஒரே கணக்கு பொருந்தாது.