அட்டவணையின் கடைசி வரி

"என் ஏரியாவைத் தனியாப் போடாதீங்க சார். மொத்தத்தோட சேர்த்துப் போட்டுடுங்க."

ஒரு தொண்டு நிறுவனத்தின் களப்பணியாளரான அக்கா இதைக் கேட்டபோது, அந்த நிறுவனத்தின் வேலையை மதிப்பிட்டு நான் எழுதிய அறிக்கை ஏறக்குறைய முடிந்திருந்தது. ஏரியாவாரியான அட்டவணையில் அவருடைய வரிதான் கடைசி. நான் அதை எடுக்கவில்லை. செய்தது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அவர் கேட்டது மனதை விட்டுப் போகவில்லை.

அந்தத் தொண்டு நிறுவனம் அதுவரை வைத்திருந்தது காப்பீட்டு அட்டைக் கணக்கு மட்டும்தான். எத்தனை குடும்பங்களுக்கு முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வாங்கிக் கொடுத்தோம் என்று எண்ணுவார்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இருந்தால் கலெக்டர் ஆபீசில் வேலை முடிந்துவிடும். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைப்பது சின்ன விஷயமில்லை. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கு. நாங்கள் போன வீடுகளில் இருந்ததோ பிபியும் சுகரும். மாதாமாதம் மாத்திரை வேண்டும், அதற்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காப்பீட்டு அட்டையே தேவையில்லை. அதனால் அட்டையை எண்ணுவதை விட்டு, வீட்டில் மாத்திரை இருக்கிறதா என்று எடுத்துக் காட்டச் சொல்லிப் பார்ப்போம் என்று நான்தான் மாற்றினேன்.

அக்காவின் ஏரியா, கட்டட வேலைக்கு வந்தவர்கள் தங்கும் தகரக் கொட்டகைகள். ஆள் இங்கே இருப்பார், ரேஷன் கார்டு ஊரில் இருக்கும். சான்று வாங்க ஊருக்குப் போனால் கூலி போச்சு. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். இங்கே பகலில் வீடு பூட்டியிருக்கும். அக்காதான் மேஸ்திரியிடம் பேசி அரை நாள் கேட்டு வாங்கி, சித்தாள் பெண்களை பஸ் ஏற்றிக் கூட்டிப்போய், ஓபி சீட்டு போடும்வரை கூடவே நிற்பார்.

ஒரு கொட்டகையில் ஆணியில் தொங்கிய மஞ்சப்பையைக் கவிழ்த்தார் ஒரு பெரியவர். பிரிக்காத அம்லோடிபின் ஸ்ட்ரிப்புகள் விழுந்தன, பிபி மாத்திரை. "தலை சுத்துனா மட்டும் போட்டுக்குவேன்." படிவத்தில் 'மாத்திரை உண்டு'. பக்கத்துக் கொட்டகைப் பெண் காட்டியதெல்லாம் காலி ஸ்ட்ரிப்புகள். ஒன்று விடாமல் விழுங்கியிருக்கிறார். கான்கிரீட் போடும் வாரம் என்பதால் மறுபடி வாங்கப் போக முடியவில்லை. படிவத்தில் 'இல்லை'.

எந்த அளவுகோலிலும் இப்படிச் சில விழும், மொத்தத்தில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் மாத்திரை வாங்கப் போக முடியாதவர்கள் எல்லாரும் ஒரே ஏரியாவில் இருந்தால் எப்படிச் சரியாகும்?

அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2008இல் ஏழைகளுக்கான மெடிகெய்டு காப்பீட்டைக் குலுக்கல் போட்டுக் கொடுத்தார்கள். கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு 2013இல் வந்தது. ரத்த அழுத்தத்திலும் சர்க்கரையிலும் சொல்லும்படியான மாற்றம் இல்லை. மனச்சோர்வும் வைத்தியச் செலவால் வரும் நெருக்கடியும் குறைந்திருந்தன. எங்கள் படிவத்தில் கடனைப் பற்றியோ பயத்தைப் பற்றியோ கேள்வி கிடையாது. நிறுவனமும் அதைக் கேட்கவில்லை.

நிதி கொடுத்தவர்கள் அடுத்த ஆண்டுத் திட்டத்தில் கொட்டகைகளைச் சேர்க்கவில்லை. அட்டவணைக்குக் கீழேயே காரணத்தை எழுதியிருந்தேன். சாயங்கால முகாம் வேண்டும் என்று பரிந்துரையும் செய்திருந்தேன். அதைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மொத்தத்தோடு சேர்த்திருந்தால் அப்படி ஓர் இடம் இருப்பதே அறிக்கையில் தெரிந்திருக்காது. தெரியாமலே இருந்திருந்தால் அக்கா அங்கேயே வேலை பார்த்துக்கொண்டிருப்பார் என்பதும் உண்மை.

இப்போது இன்னொரு மதிப்பீடு. இதிலும் ஏரியாவாரி அட்டவணை உண்டு. ரேஷன் கார்டு வெளியூரில் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பதை இந்த முறை முதல் பத்தியில் வைத்திருக்கிறேன். அதைப் படிப்பார்களா, கடைசி எண்ணுக்கு நேராகப் போய்விடுவார்களா, தெரியவில்லை.