கிராணியின் கோட்டு

எங்கள் தாத்தாவுக்கு இருப்பது ஒரே ஒரு படம். 1948இல் மலாயாவில் அவசரகாலம் வந்தபோது, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் படமும் பெருவிரல் ரேகையும் வைத்த அடையாள அட்டை கட்டாயமானது. அதற்காகக் கெடாவில் அவர் பால்மரம் வெட்டிய ரப்பர் தோட்டத்தில் எடுத்தது. மிஞ்சிய ஒரு பிரதி, தபால்தலை அளவுதான், பிறை ஊரில் அத்தை வீட்டுச் சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது.

அதை ஃபிலிம் கேமராவில் நகலெடுக்கப் போகிறேன் என்றதும், “கைப்பேசியில் எடுத்தால் ஆகாதா?” என்றார்கள் வீட்டில். ஆகும்தான். ஆனால் சர்க்கார் கேட்டதற்காக எடுத்த படத்துக்கு, நம் வீட்டில் ஒரு நெகட்டிவ் இருக்கட்டும் என்று தோன்றியது.

எடுப்பது சுலபம். லென்ஸுக்குப் பின்னால், சின்னப் பொருளைக் கிட்டத்தில் எடுக்க உதவும் எக்ஸ்டென்ஷன் டியூப், இரு பக்கமும் 45 டிகிரியில் மேசை விளக்கு. டியூப் வெளிச்சத்தைத் தின்னும் என்பதால் இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு வெளிச்சம், கூட்டிக் கொடுத்தேன்.

ஃபிலிமைக் கழுவுவதில்தான் மாட்டிக்கொண்டேன். அதுவரை கடையில் கொடுத்தே பழக்கம். இல்ஃபோர்ட் ஹெச்பி5 ஃபிலிமுக்கு, படத்தை வெளிக்கொண்டுவரும் ஐடி-11 மருந்தைச் சரிபாதி தண்ணீரில் கலந்தால் 20 டிகிரியில் 13 நிமிடம். பதின்மூன்றைப் பிடித்துக்கொண்டேன், இருபதை விட்டுவிட்டேன்! ஆயிர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டுக் குழாயில் மத்தியானம் வருவது 29 டிகிரித் தண்ணீர். சூட்டில் மருந்து வேகமாக வேலை செய்து, ஃபிலிம் கரிக்கட்டையாக வந்தது. அச்சிட்டுப் பார்த்தால் முகமும் நெஞ்சும் ஒரே வெள்ளை.

மறுபடி எடுத்தேன். கோப்பிக் கடையில் ஐஸ் வாங்கி, உருகி மருந்தில் கலக்காதபடி பையோடு முடிச்சுப் போட்டு, பேசினில் பாட்டில்களைச் சுற்றி அடுக்கினேன். நிமிடத்துக்கு நான்கு முறை, ஃபிலிமும் மருந்தும் உள்ள டேங்கைக் கவிழ்க்க வேண்டும். ஒன்பதாவது நிமிடத்தில் பேசின் தண்ணீர் 21ஐத் தாண்டியது. இன்னொரு பை ஐஸ். இந்த ஊரில் ஃபிலிம் கழுவுவது பாதி மீன்கடை வேலை.

நண்பரின் இருட்டறையில் பெரிதாக அச்சிட்டோம். சிவப்பு விளக்கில் முதலில் கோட்டு வந்தது, அப்புறம் புருவம். முகம் கடைசியில்தான். சட்டை என்று நினைத்திருந்தது பனியன். கோட்டின் காலர் ஓரத்தில் ஒரு கிழிசல்.

அத்தை கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். “கோட்டு அப்பாவுது இல்லடா, தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணியோடது. வரிசையில நின்னவங்க எல்லாம் அதையே மாத்தி மாத்திப் போட்டுக்கிட்டாங்களாம்.”

போன வாரம் சுங்கை பட்டாணியில், அதே தோட்டத்திலிருந்து வந்த இன்னொரு குடும்பத்தாரின் வீட்டுக்குப் போனேன். சுவரில் யாரோ ஒரு தாத்தா. காலரில் அதே கிழிசல்.