கடைப்பெடியன் ஃபோமற் அடிக்கப் பார்த்த பேக்அப்

லினக்ஸில் பாவித்த ஹாட் டிஸ்கை வின்டோஸ் கணினியில் செருகினால் "பாவிக்க முன் ஃபோமற் செய்யவேண்டும், செய்யட்டுமா?" என்று ஒரு பெட்டி வரும். தயவுசெய்து ஆம் என்று அழுத்திவிடாதீர்கள். டிஸ்கில் பழுது இருக்கவேண்டும் என்றில்லை. ஈஎக்ஸ்டி4 என்ற லினக்ஸ் கோப்பு அமைப்பை வாசிக்க வின்டோஸுக்குத் தெரியாது, அவ்வளவுதான். கிளிநொச்சி டவுனில் ஒரு கொம்பியூட்டர் கடையில் அந்தப் பெட்டியைக் கண்ட பெடியன், "அண்ணை, இது செத்துப்போச்சு, ஃபோமற் அடிச்சுத் தாறன்" என்று மவுஸை நகர்த்தினான். கையைப் பிடித்துத்தான் நிறுத்தினேன். உள்ளே இருந்தது எங்கள் கமக்காரர் அமைப்பின் பேக்அப்: கணக்கு, அங்கத்தவர் விபரம், எந்த வாய்க்காலில் யாருக்கு எத்தனை ஏக்கர் என்ற பட்டியல். அமைப்பின் கணினி டிஸ்க் படுத்துவிட்டது. காலபோக நெற்செய்கைக் கூட்டமோ கிட்ட வந்துவிட்டது.

பேக்அப்பை ஒழுங்குபண்ணி வைத்தவன் பழைய செயலாளரின் மகன். ரெஸ்டிக் என்ற இலவச மென்பொருள், எல்லாம் டெர்மினலில் கட்டளை அடித்துத்தான். அவன் இப்ப கனடாவில்.

புது டிஸ்க் பூட்டி, உபுண்டு 22.04ஐப் பென்ரைவில் இருந்து ஓடவிட்டது சுகமான வேலை. ஆனால் அதில் மென்பொருள் இறக்கும் ஏபிடி கட்டளையால் இறக்கினால் வருவது ரெஸ்டிக் 0.12. அதால் இந்தப் பேக்அப்பைத் திறக்க ஏலாது. இதில் இருந்த, சுருக்கிச் சேமிக்கும் புதிய களஞ்சிய (பேக்அப் சேமிப்பு) அமைப்பு 2022இல் 0.14 பதிப்போடுதான் வந்தது, அதற்கு முந்தியவற்றுக்கு அது விளங்காது. கிட்ஹப் இணையத்தளத்தில் இருந்து புதியதை ஒற்றைக் கோப்பாக இறக்கி, விரித்து, ஓடும் அனுமதி கொடுத்தால் போதும். அந்தக் கோப்பைப் புது டிஸ்கிலேயே வைத்துக்கொள்ளுங்கள். கரண்ட் போய் வந்தால் பென்ரைவ் உபுண்டு எல்லாவற்றையும் மறந்துவிடும்.

அடுத்தது பாஸ்வேட். ரெஸ்டிக் எல்லாவற்றையும் குறியாக்கித்தான் வைக்கும். பாஸ்வேட் தொலைந்தால், அந்த மென்பொருளை எழுதினவர்களாலும் திறக்க ஏலாது. கனடாவில் விடியும்வரை காத்திருந்து வாட்ஸ்அப்பில் கேட்டால், "குளத்தின்ர பேர்தான் அண்ணை, பிறகு ஆண்டு" என்று குரல் பதிவு வருகிறது. இரணைமடுவை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிற ஊரப்பா இது! அடிக்கிற எழுத்து டெர்மினலில் தெரிவதும் இல்லை. வேறொரு ஜன்னலில் எழுதிப் பார்த்து ஒட்டிக்கொண்டே இருந்தேன். கடைசியில் கூடுதலாக ஒரு 'எச்' போட்டதும் திறந்தது. நல்ல தமிழில் கொஞ்சம் ஏசினேன், அவனுக்குக் கேட்டிருக்காது.

பேக்அப்பைச் சரிபார்க்கும் செக் கட்டளை கொடுத்தால் பூட்டுக் கிடக்கிறது என்றது. முன்பு எப்போதோ கரண்ட் நின்று பேக்அப் பாதியில் அறுந்திருக்கவேண்டும். அன்லொக் கொடுத்ததும் தீர்ந்தது. வெறும் செக்கோடு நிம்மதி அடையவேண்டாம், அது களஞ்சியத்தின் கட்டமைப்பைத்தான் பார்க்கும். 'ரீட் டேட்டா' சேர்த்தால்தான் தரவு முழுவதையும் வாசித்துப் பார்க்கும். நேரம் எடுக்கும், என்றாலும் செய்யுங்கள்.

மீட்கும் இடமும் கவனம். பென்ரைவ் உபுண்டுவின் ஹோம் கோப்புறை ராமில்தான் இருக்கிறது, அங்கே இறக்கினால் நிரம்பி நின்றுவிடும். புது டிஸ்கை மவுன்ட் செய்து அதையே டார்கெட்டாகக் கொடுத்தேன். நடுவில் கரண்ட் போகத்தான் செய்தது. 0.17இலும் அதற்குப் பிறகு வந்த பதிப்புகளிலும் அதே கட்டளையைத் திரும்ப அடித்தால், சரியாக இறங்கினதை விட்டு மிச்சத்தை எழுதும்.

எல்லாம் வந்துவிட்டது என்று தலைவர் ஐயாவைக் கூப்பிட்டுக் கணக்கைத் திறந்து காட்டினால், பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும். "தம்பி, எல்லாம் பழுதாப் போச்சே" என்று கதிரையில் இருந்துவிட்டார். பழுதில்லை, பாமினி! ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்தைக் காட்டும் பழைய எழுத்துரு அது. பேக்அப்பில் ஆவணக் கோப்புறை மட்டும்தான் இருந்தது, எழுத்துரு இல்லை. பக்கத்துக் கொமினிகேசனில் பாமினியை வாங்கிப் போட்டதும் அங்கத்தவர் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன.

'கீ ஆட்' கட்டளையால் இரண்டாவது பாஸ்வேட் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். அது எழுத்துக்கு எழுத்தாகக் கடதாசியில் எழுதி, பொருளாளரின் காசுப் பெட்டிக்குள் இருக்கிறது.